வயித்தெரிச்சலின் அரசியல்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஏதாவதொரு மருந்துக்கடையில் போய் நின்று ‘வயிறு எரியுதுப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். கடைப்பையன் இரண்டே கேள்விதான் கேட்பான். ‘கேஸா, அல்சரா?’ இது முதலாவது. ‘செட்டா குடுக்கவா, அட்டையா குடுக்கவா?’ இது இரண்டாவது. முதல் கேள்வி நோயைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது கேள்வி உங்கள் வர்க்கத்தை. ஒரு வேளைக்கு மட்டும் பொட்டலமாக வாங்குகிறவனுக்கு செட்டு. பத்து மாத்திரைக்கு மொத்தமாகக் காசு கொடுக்க முடிந்தவனுக்கு அட்டை. இந்த இரண்டு கேள்விக்கு அப்பால் ஒரு வயிற்றிடம் விசாரிக்க ஒன்றுமில்லை என்று எப்போது முடிவாயிற்று?

நான் மருத்துவன் அல்ல. இருபத்துமூன்று வருஷமாக இந்த வயிற்றோடு குடித்தனம் நடத்துகிறவன், அவ்வளவுதான் தகுதி. மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவன். காலையில் புளித்த ஏப்பம். பதினோரு மணிக்கு மேல்வயிற்றில் யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி வலி. ஏதாவது தின்றால் அடங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அதே கை மறுபடி தட்டி எழுப்பும். நான் பார்த்த டாக்டர்கள் அனைவரும், ஒருத்தர் பாக்கியில்லாமல், மூன்று கட்டளைகளையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்க. காரத்தைக் குறைங்க. டென்ஷன் ஆகாதீங்க.

அக்கறையோடு சொல்லப்பட்ட வார்த்தைகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் இவற்றை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் இவை யாரை நோக்கிப் பேசுகின்றன என்பது விளங்கும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமானால் நேரம் அவனுடையதாக இருக்க வேண்டும். காரத்தைக் குறைக்க வேண்டுமானால் அவனுக்கென்று தனியாக உலை வைக்கும் அடுப்பும், அதற்கு ஓர் ஆளும் வேண்டும். டென்ஷன் ஆகாமலிருக்க என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் எழுதலாம். ஆக, இந்தச் சொல்லாடல் கட்டமைக்கும் தன்னிலை தன் நாளுக்குத் தானே எசமானனாக இருக்கிற ஒரு நடுத்தர வர்க்கத்து ஆண். மற்றவர்களெல்லாம் அந்தக் கட்டளையின் முன் குற்றவாளிகள். ‘நேரத்துக்குச் சாப்பிடல இல்ல?’ என்று டாக்டர் கேட்கும்போது ஐம்பது வயது மனுஷன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தலையைக் குனிகிறதை வெளிநோயாளிப் பிரிவு வரிசையில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நானும் குனிந்திருக்கிறேன்.

இ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆலை வருவதற்கு முன்பு வேலைதான் நேரத்தைத் தீர்மானித்தது, ஆலை வந்த பிறகு கடிகாரம் வேலையைத் தீர்மானித்தது என்று காட்டியிருப்பார். மீனவரும் அலையும் அவருடைய உதாரணங்களில் உண்டு. நம் ஊரில் என்ன விசேஷம் என்றால், ஒன்று போய் மற்றொன்று வரவில்லை. இரண்டும் ஒரே வீட்டுக்குள் கிடக்கின்றன. காசிமேட்டில் ஏலம் விடிவதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடும். கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் ராத்திரி இரண்டரைக்குக் கிளம்புகிறாள். அவன் ‘நைட்டு’ முடித்து காலை ஏழுக்கு வருகிறான். சோறு எப்போது ஆக்குவது, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? நாஷ்டா என்று நம் பக்கம் சொல்கிற அந்தக் காலை வேளை, பல வீடுகளில் பத்தரை மணிக்குக் குடிக்கிற மூன்றாவது டீதான்.

*

விமர்சகர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ் இலக்கியத்துக்கு இரண்டே இரண்டு வயிறுகள்தாம் தெரியும். ஒன்று காய்ந்த வயிறு, மற்றொன்று புடைத்த வயிறு. வள்ளுவரின் ‘மருந்து’ அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதே அங்கே வைத்தியம். அந்த அதிகாரத்தின் நோயாளி மிகுதியாகத் தின்றவன். தின்ன நேரமில்லாதவனுக்கு அதில் இடமில்லை. மறுபுறம் நம் முற்போக்கு மரபு பசியை எழுதியது, நிறையவே எழுதியது. 1979இல் துரை எடுத்த படத்துக்குப் பெயரே ‘பசி’. சென்னைக் குப்பை பொறுக்கும் மனிதர்களின் கதை. பசிக்கு ஒரு கம்பீரம் உண்டு. அது குற்றம் சாட்டும், கோஷமாகும், சுவரொட்டியில் ஏறும். ஆனால் வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது, டிபன் பாக்ஸில் சோறும் இருக்கிறது, இருந்தும் வயிறு அதை ஏற்கவில்லை என்றால் அந்த மனிதன் எந்தக் கதையில் வருவான்? அவனுடைய ஏப்பமும் குசுவும் நகைச்சுவைத் துணுக்குக்குப் போய்விட்டன. பசிக்கு இலக்கியம் இருக்கிறது, எரிச்சலுக்கு இல்லை.

சினிமாவைக் கேட்கவே வேண்டாம். ‘மெட்ராஸ்’ (2014), ‘வட சென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) எல்லாம் நம் நிலத்தை முக்கியமாக்கிய படங்கள், எனக்குப் பிடித்தவையும்கூட. ஆனால் அவற்றில் வடசென்னை உடம்பு என்பது வெளி உடம்பு. தோள், முஷ்டி, கேரம் காயைச் சுண்டுகிற விரல், கத்தி இறங்குகிற விலா. கத்தி இறங்கினால்தான் இங்கே குடல் தெரியும். உள்ளே அது தினமும் செய்கிற வேலை, தினமும் செய்யாமல் விடுகிற வேலை, இரண்டும் காமிராவுக்குத் தெரியாது. நோயை உருவகமாக்குவதைக் கண்டித்து சூசன் சொன்டாக் 1978இல் எழுதியபோது காசத்தையும் புற்றையும்தான் எடுத்துக்கொண்டார். அஜீரணத்துக்கு உருவகமாகும் தகுதிகூட வாய்க்கவில்லை போலிருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது பெரிய விதிவிலக்கு. தமிழ் மரபின் மிகப் புகழ்பெற்ற வயிற்றுவலி அப்பருடைய சூலை. சமண மடத்தில் தருமசேனராக இருந்தவருக்குக் குடலைப் பிடுங்கும் வலி வருகிறது. மடத்தார் மந்திரம் ஓதியும் மயிற்பீலி தடவியும் தீரவில்லை. திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் வருகிறார், திருநீறு பெறுகிறார், பாடுகிறார், வலி நீங்குகிறது. பெரியபுராணம் சொல்லும் கதை இது. இங்கே வலிக்கு அனுப்புநர் இருக்கிறார், முகவரி இருக்கிறது, பொருளும் இருக்கிறது. சிவனே அனுப்பிய வலி, ஒருவனை ஒரு மதத்திலிருந்து இன்னொரு மதத்துக்கு இழுத்துவரும் கயிறு. சைவத்தின் வெற்றிக் கதையாடலில் ஒரு மனிதனின் குடல் போர்க்களமாகிறது என்பதைக் கவனியுங்கள். சமண மருத்துவம் தோற்றது, சைவ மருத்துவம் வென்றது. அதே அப்பர் பிற்பாடு ஒற்றியூருக்கும் வந்து பாடிப்போனார். உடம்பைப் பழித்துப் பாடிய பட்டினத்தார் அடங்கியதாகச் சொல்லப்படும் இடமும் இதே ஊரின் கடலோரம்தான். இவ்வளவு பெரிய வயிற்றுப் பாரம்பரியம் உள்ள ஊரில் எங்கள் வலிக்கு மட்டும் அனுப்புநர் பெயர் எழுதப்படவில்லை. எழுதாமல் விடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்பருக்கு அனுப்பியவர் யார் என்று தெரிந்ததால்தான் அவரிடமே போய் முறையிட முடிந்தது.

ஆனால் பேச்சுமொழியைப் பாருங்கள். எழுத்து மறந்ததைப் பேச்சு மறக்கவில்லை. ‘வயித்துல அடிக்காதே’ என்றால் பிழைப்பைக் கெடுக்காதே என்று அர்த்தம். ‘ஏழை வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே’ என்றால் உன்னால் பாதிக்கப்பட்டவனின் சாபம் உன்னைச் சும்மா விடாது என்று அர்த்தம். இதே சொல்லை மேலேயிருப்பவன் சொன்னால் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது: ‘அவனுக்கு வயித்தெரிச்சல்’ என்றால் வெறும் பொறாமை. ஒரே எரிச்சல், கீழிருந்து பார்த்தால் நியாயம், மேலிருந்து பார்த்தால் அற்பத்தனம். குறிப்பான் ஒன்று, குறிப்பீடு வர்க்கத்துக்கேற்ப மாறுகிறது என்று கோட்பாட்டு மொழியில் சொல்லலாம். சித்த மருத்துவமும் இதற்குக் குன்மம் என்று பெயர் வைத்து எட்டு வகையாகப் பிரித்து விலாவாரியாகப் பேசியிருக்கிறது. இவ்வளவு சொல்வளமும் மருந்துக்கடைக் கவுண்டரில் ‘கேஸ்’ என்று ஒரே சொல்லாகச் சுருங்கிப்போயிற்று. அந்தச் சொல்லுக்கும் எங்கள் பக்கம் இரண்டு அர்த்தம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உரக் கம்பெனியின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து ஜனங்கள் ‘கேஸ், கேஸ்’ என்று கத்திக்கொண்டுதான் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

*

சரி, மருத்துவ அறிவியல் என்ன சொல்கிறது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டியிருக்கிறது. ‘எல்லாம் முதலாளித்துவச் சதி’ என்று முடித்துவிட நம் தோழர்களுக்கு ஆசை அதிகம்.

மல்ஹோத்ரா என்று ஒரு ரயில்வே டாக்டர். 1960களில் ரயில்வே தொழிலாளர்களை வைத்து இந்தியாவில் குடற்புண் எங்கே அதிகம் என்று ஆராய்ந்தார். வடக்கைவிடத் தெற்கில் மிக அதிகம் என்று கண்டார். காரணமாக அவர் சொன்னது: கோதுமை ரொட்டியை மெல்ல வேண்டும், எச்சில் ஊறும், சோற்றைக் குழம்போ ரசமோ ஊற்றி விழுங்கிவிடுகிறார்கள். மைசூரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவியும் அரிசி உண்ணும் பகுதிகளுக்கும் குடற்புண்ணுக்கும் உள்ள உறவைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். மேற்கில் அந்தக் காலத்தில் அல்சர் என்பது மேனேஜர் வியாதி, ஓயாமல் முன்னேறத் துடிக்கிறவனின் பதக்கம். அங்கே கவலை, இங்கே சோறு. அவனுக்கு மனசு இருக்கிறது, நமக்குத் தட்டுதான் இருக்கிறது! ஒரே புண்ணுக்கு இரண்டு மானுடவியல்.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980களின் தொடக்கத்தில் இரைப்பைச் சுவரில் வளைந்த கிருமியொன்றைக் கண்டார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பின்னர் பெயர் பெற்றது. அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றே அதுவரை நம்பினார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இதன் அரசியல் விளைவைப் பலரும் கவனிக்கவில்லை. புண்ணுக்குப் பெரும் காரணம் காரமும் அல்ல, கோபமும் அல்ல. பெரும்பாலும் சிறுவயதில், நெரிசலான வீட்டில், சுகாதாரமற்ற சூழலில் ஒட்டிக்கொள்ளும் தொற்று. அதாவது நோயாளியின் நடத்தையிலிருந்து அவன் வளர்ந்த வீட்டுக்கு, குழாய்க்கு, கக்கூசுக்குக் குற்றம் இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. நோபல் பரிசு கொடுத்து இத்தனை வருஷம் கழித்தும் என்னிடம் ‘காரத்தைக் குறைங்க’ என்றுதான் சொன்னார்கள்.

கிருமியும் முழு விடையல்ல, நியாயமாகச் சொல்ல வேண்டும். வடக்கிலும் அதே கிருமி ஏராளம். பிறகு ஏன் தெற்கில் புண் அதிகம் என்ற டோவியின் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. இரவுப்பணிக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் உறவு உண்டென்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கிருமிக்கு அடுத்த பெரிய காரணம் எது என்பதிலும் இன்று சந்தேகமில்லை: வலி மாத்திரை.

துறைமுகத்து லோடுமேன் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு போய்விட்டது. முதுகு போனால் கூலி போச்சு. காலையில் வெறும் வயிற்றில் டைக்ளோஃபினாக் ஒன்று, டீயோடு. சாயங்காலம் இன்னொன்று. அது முதுகு வலியை அடக்குகிறது, இரைப்பையின் காப்புப் படலத்தைத் தின்கிறது. எரிச்சல் வந்தால் அதே கடையில் அதே பையனிடம் இன்னொரு மாத்திரை. செட்டு என்று நான் சொன்னேனே, அந்தப் பொட்டலத்தில் பல சமயம் இரண்டுமே சேர்ந்தே இருக்கும், புண்ணாக்குகிறதும் ஆற்றுகிறதும். மூட்டையைத் தூக்கும் சக்தியை நாளைக்கும் விற்பதற்கு ஆகிற பராமரிப்புச் செலவை மார்க்ஸ் கூலிக்குள் வைத்துப் பேசினார். இங்கே அந்தச் செலவை வயிறு கொடுக்கிறது.

மருந்து வியாபாரத்தின் தர்க்கமும் இதற்குப் பொருத்தமானதே. 1976இல் சிமெடிடின், 1981இல் ரானிடிடின், அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஓமிபிரசோல். அமிலத்தை அடக்கும் இவை உண்மையிலேயே உயிர் காத்தவை, மறுக்கக்கூடாது. இவை வருவதற்கு முன்பு வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பார்கள். ராயபுரத்தில் எழுபது எண்பது வயசுப் பெரியவர்கள் சிலர் சட்டையைக் கழற்றினால் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை நேர்கோடாக ஒரு தழும்பு இருக்கும். ‘பந்து உருளுற மாதிரி வயித்துல உருளும், அப்புறம் நேத்து தின்ன சோறு அப்படியே வாந்தியா வரும்’ என்று ஒரு பெரியவர் எனக்கு விவரித்தார். இரைப்பை வாய் அடைத்துப்போன நிலை அது. ஆனால் அமிலத்தை அடக்கும் மாத்திரை கிருமியைக் கொல்லாது. நிறுத்தினால் புண் திரும்பும். திரும்ப வாங்க வேண்டும். கிருமியைக் கொல்ல இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கூட்டு மருந்து வேண்டும், அதற்கு முன் சோதனை வேண்டும். ‘குழாய் விட்டுப் பாக்கறது’ அரசு ஆஸ்பத்திரியில் பணப் பிரச்சினையல்ல, நாள் பிரச்சினை. வெறும் வயிற்றோடு போய் வரிசையில் நிற்க ஒரு கூலி, முடிவு வாங்க இன்னொரு கூலி. அதனால் கடைப்பையனே நிரந்தர வைத்தியன். 2019இல் ரானிடிடினில் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற வேதிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டு உலகமெல்லாம் பிரச்சினையாயிற்று. 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அது நீக்கவும் பட்டது. பத்திரிகையில் படித்துவிட்டு நான் பதறியபோது பக்கத்து வீட்டக்கா சொன்னார்: ‘அட போப்பா, பதினஞ்சு வருஷமா தின்னுட்டிருக்கேன், இப்ப வந்து சொல்றானுங்க.’

அந்த அக்கா மீன் விற்கிறவர். அவருடைய பிரச்சினை புண் மட்டுமல்ல, குடல் கொஞ்சம் அவசரக் குடல். நினைத்த நேரத்தில் போக வேண்டும். மார்க்கெட்டில் போக இடமில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார், சாப்பிடுவதையும் வியாபாரம் முடியும்வரை நிறுத்துகிறார். அப்புறம் நாலு நாள் மலம் கட்டிக்கொள்ளும், அடுத்து இரண்டு நாள் கட்டுப்பாடில்லாமல் போகும். பாடநூல் இதை ‘குடல் எரிச்சல் நோய்க்குறி’ என்கும், சோதனையில் எதுவும் தெரியாது என்கும். இரண்டும் சரியே. ஒண்ட இடமில்லாத குடல் எந்த ஸ்கேனில் தெரியும்? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசலுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் நின்ற கன்டெய்னர் லாரி டிரைவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வண்டியைவிட்டு இறங்கினால் வரிசை போய்விடும்.

*

அரசுக்கு வயிறு தெரியவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. பேதி தெரியும். 1992இல் காலராவின் புதிய வகையொன்று முதன்முதலில் மெட்ராஸில்தான் கண்டறியப்பட்டது. பிறகு வங்காளத்தில் பெரிதாகப் பரவியதால் ‘பெங்கால்’ என்ற பெயரை அது தட்டிக்கொண்டு போயிற்று. பேதி என்றால் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை விழித்துக்கொள்ளும், குளோரின் மாத்திரை வரும், லாரித் தண்ணீர் வரும், அமைச்சர் வருவார். ஏனென்றால் பேதி பரவும். பேட்டையிலிருந்து பங்களாவுக்கும் போகும். எரிச்சல் பரவாது. அது ஒவ்வொருவனுக்கும் அவனவன் சொந்தச் சொத்து. 1948இன் தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் என்று ஓர் அட்டவணை இருந்தது. ஈயம், பாதரசம், சிலிக்கா எல்லாம் அதில் உண்டு. குரோமியத்தால் வரும் தோல் புண்கூட உண்டு. குடற்புண் கிடையாது. ராமட்சினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700இலேயே, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். இருபத்துமூன்று வருஷத்தில் என் சீட்டில் வயது எழுதினார்கள், எடை எழுதினார்கள்.

நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பழைய ஜனங்கள் வைத்த பெயர் ‘கஞ்சித் தொட்டி’. 1782 பஞ்சத்தின்போது மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கி, அதையொட்டி வளர்ந்த வைத்தியசாலையின் வாரிசு அது. பசித்து வந்தவனும் நோயோடு வந்தவனும் ஒரே வாசலில் நின்ற காலம். பிறகு கஞ்சியும் மருந்தும் தனித்தனித் துறைகளாகிவிட்டன.

தொழிற்சங்கமும் ஒரு காலத்தில் வயிற்றிலிருந்துதான் தொடங்கியது. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பி அண்ட் சி மில் தொழிலாளர்களின் சார்பில் பி.பி. வாடியா எழுப்பிய முதற் குறைகளில் ஒன்று கூலி அல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி போதவில்லை என்பதுதான். அரை மணிக்குள் கை கழுவி, விழுங்கி, ஓடி வர வேண்டும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைப் பெருமையோடு சொல்கிறோம், எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறோம். அது ஜீரணத்துக்காகவும் தொடங்கிய சங்கம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1948 சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி இடைவேளை தர வேண்டும் என்றது. 1918இல் போதாது என்று சொன்ன அதே அரை மணி, இப்போது உரிமையாயிற்று.

2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. பன்னிரண்டு மணி நேர வேலை என்று நாம் எல்லோரும் கொதித்தோம், சரியாகத்தான் கொதித்தோம். மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் எந்தெந்தப் பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்கலாம் என்று அடுக்கியதோ அந்தப் பட்டியலில் 55உம் இருந்தது. நான் பார்த்த துண்டறிக்கைகளில், கேட்ட கூட்டங்களில் ஒன்றில்கூட அந்த அரை மணி பேசப்படவில்லை. நானும் தாமதமாகத்தான் கவனித்தேன். டோல்கேட் டீக்கடையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரிடம் இதைச் சொன்னேன். முப்பது வயசு இருக்கும், கையில் கிளாஸோடு நின்றுகொண்டே பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ‘அரை மணியாண்ணா?’ என்று சிரித்தார். ‘எங்களுக்கு அதெல்லாம் எப்பவோ போச்சு. ஆள் மாத்திவிட ஆள் வந்தாத்தான் சாப்பாடு. இல்லாட்டி இப்பிடித்தான், டீயும் பன்னும்.’ மிச்சப் பன்னை வாயில் போட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.